சீட்டுக்கு அடியில ஒரு பிரேக்கர்

வரலாமுங்களா அம்மணி? மழை வலுத்துப் போச்சு. வெளிய போர்டுல எலெக்ட்ரிக் வண்டி ரிப்பேருன்னு பாத்தேன். மெக்கானிக் வெளிய போயிருக்காருங்களா? ஓ, நீங்களேதானா. தப்பா எடுத்துக்காதீங்க, பொம்பளைங்க இந்த வேலை பண்ணி நான் பாத்ததில்ல. கையில என்ன, சார்ஜர் பின்னுங்களா? அந்தத் தார்ப்பாய்க்கு அடியில இருக்கற வண்டிக்கு மாட்டப் போனீங்களாட்ட இருக்குது. மாட்டிட்டு வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அப்புறம் பாத்துக்கறீங்களா? சேரி, உக்காருங்க. நானும் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன்.

என்ற பேரு சென்னியப்பன். அரச்சலூர்ப் பக்கமுங்க. மோட்டார் வைண்டிங் கட்டறேன், இருவது வருசமா. எங்க சுத்துவட்டாரத்துல எந்தக் கெணத்து மோட்டார் நின்னாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க. செத்த மோட்டாரைக் கையில தொட்டுப் பாத்தே எங்க கோளாறுன்னு சொல்லிப்போடுவேன். பெருமைக்குச் சொல்லலீங்க.

அட, உள்ள கொழாய் ஓடற சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு, டக்குனு நின்னுருச்சு. தண்ணி தீந்துருச்சுங்களா? பொறகு பாக்கறேன்.

என்ற வண்டி எங்கன்னு வெளிய எட்டிப் பாக்கறீங்களா? வண்டி என்கிட்ட இல்லீங்க. வண்டியைத் தேடித்தான் வந்திருக்கறேன். நான் பஸ்ஸுலதான் வந்தேன். ரெண்டு நாளா இதே வேலை. பெருந்துறையில ரெண்டு கடை, சென்னிமலை, சிவகிரி, கொடுமுடி, காங்கயம், எல்லாம் பாத்துட்டேன். உங்க கடை ஏழாவது. எங்கூட்டுக்காரி ஓட்டிட்டுப் போன வண்டி. வெள்ளை கலரு, முன்னால இடது பக்கம் ஒரு கீறல். சாவியைத் திருப்புனா சமயத்துல ஆன் ஆகாத வண்டி. எலெக்ட்ரிக் வண்டி ஓடலீன்னா எங்க போவாங்க? உங்களாட்டம் கடைக்குத்தானே வரோணும்?

அவ பேரு திலகமணி. கண்ணாலம் ஆகி ஒம்பது வருசம். கொழந்தை இல்ல. அது அவளோட கொறையா என்ற கொறையான்னு நான் கேக்கறதே இல்ல, அந்த அளவுக்குத் தங்கமா வெச்சிருந்தேன். ஈரோட்டுல ஒரு லேப்புல ரத்தம் எடுக்கற வேலைக்குப் போறேன்னா. போன்னேன். நாந்தான் சொன்னேன், என்ற வாயாலதான். பஸ்ஸுல போயிட்டு வந்துட்டு இருந்தா. பஸ்ஸுல போறவரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணல. எத்தனை மணி பஸ்ஸு, எங்க எறங்குவா, எல்லாம் எனக்குத் தெரியும். பொறகு ஆடி மாசம் இந்த வண்டியை வாங்கிட்டா. அவ சம்பளத்துல. என்னைக் கேக்காம.

நான் கோவிச்சுக்கல. நீங்களே சொல்லுங்க, கோவிச்சுக்கலாமில்ல? கோவிச்சுக்கல. வண்டிக்குச் சந்தனம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நாந்தான் மொத ரவுண்டு ஓட்டுனேன். ஆனா வண்டி வந்தப்பொறம் அவ ஆளே மாறிப் போயிட்டா அம்மணி. ஆறு மணிக்கு வர்றவ ஆறே முக்காலுக்கு வருவா. எங்க போனேன்னு கேட்டா சும்மா சுத்திட்டு வந்தேன்னு சொல்றா. சும்மா. ஒரு பொம்பளை எதுக்குங்க சும்மா சுத்தோணும்? அந்த வண்டிக்குச் சத்தமும் கெடையாது பாருங்க. வாசலுக்கு வந்தப்பொறந்தான் வந்திருக்கறான்னே தெரியும். சத்தமில்லாம வர்றது, சத்தமில்லாம போறது, எனக்கு அது ஆகவே ஆகாது.

ரெண்டு தடவை கை நீட்டியிருக்கறேன். ரெண்டே தடவை. மூணாவது தடவை அவளாத்தான் கதவுல போயி மோதிக்கிட்டா. அதையும் எங்க மாமியார்கிட்ட நான் செஞ்ச மாதிரியே சொல்லியிருக்கறா.

அப்பத்தான் ஒரு நாள் சீட்டைத் தூக்கிப் பாத்தேன். உங்களுக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் சொல்றேன். இந்த வண்டியில சீட்டுக்கு அடியில, பேட்டரிக்குப் பின்னால, ஒரு பிரேக்கர் இருக்குது. நம்ம ஊட்டு மீட்டர் பொட்டியில இருக்கற மாதிரியேதான், சின்னது. கையை உள்ள விட்டாத்தான் அகப்படும், கண்ணுக்குத் தெரியாது. அதை எறக்கிட்டா வண்டி செத்த பொணம். லைட்டு எரியாது, ஹாரன் அடிக்காது, ரிமோட்டை அமுக்குனாக்கூட குய்னு ஒரு சத்தம் வராது. வாங்குன கடையில அவகிட்ட அதைச் சொல்லல. புஸ்தகத்துல போட்டிருந்தான், புஸ்தகத்தை நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். பிரேக்கரு, பியூஸு, இதெல்லாம் எனக்குக் கைப்பாடம். அவளுக்கு என்ன தெரியும், ஊசி குத்தத் தெரியும்.

ஐப்பசி மொத மழை பேஞ்ச அன்னிக்கு ஆரம்பிச்சேனுங்க. விடியக் காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, என்கிட்ட இருக்கற ரெண்டாவது சாவியைப் போட்டு, மீட்டர்ல எத்தனை பாயிண்ட் சார்ஜ் இருக்குதுன்னு பாத்துட்டு, சீட்டைத் தூக்கி, பிரேக்கரை எறக்கி வெச்சுருவேன். அவ ஆறு மணிக்கு வந்து சாவியைத் திருப்புவா. ஒண்ணும் வராது. ஸ்டாண்டை எடுத்து எடுத்துப் போடுவா. பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சு விடுவா. சாவி ஓட்டையை ஊதுவா. நான் திண்ணையில உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருப்பேன். மழைத் தண்ணி புகுந்திருக்கும் புள்ளேன்னு சொல்லுவேன். அவ நம்புவா.

பாவமாத்தான் இருக்கும். வெறும் வயித்துல ரத்தம் குடுக்கறவங்க ஏழு மணிக்கே வந்து உக்காந்திருப்பாங்களாம், சக்கரைக்காரங்க, மயக்கம் வருமாம். அவ அழுதுக்கிட்டே பஸ்ஸுக்கு ஓடுவா. அவ போனதும் நான் பிரேக்கரைத் தூக்கி விட்டுருவேன். கம்பெனி சர்வீஸ்காரன் மத்தியானம் வருவான். சாவியைத் திருப்புவான், வண்டி ஜம்முனு எரியும். மேடம், வண்டியில கோளாறே இல்லீங்களேன்னு போன்ல சொல்லுவான். மூணு தடவை வந்தான். சாவி செட்டை மாத்துனான், ஒயர் முடிச்செல்லாம் கழட்டி மாட்டுனான், கன்வெர்ட்டரை மாத்துனான். கடைசியில அவனே என்கிட்ட, உங்க ஊட்டம்மாவுக்கு ஏதாச்சும் மனசு சரியில்லீங்களான்னு கேட்டான். நான் ஆமாம்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல.

அவ ஒரு நோட்டுப் போட்டா. லேப்புல எழுதிப் பழக்கம் பாருங்க. தேதி போட்டு, லைட் இல்லை, ஹாரன் இல்லை, ஸ்டாண்டு சரி, மழை இல்லை, அப்படீன்னு தெனமும் எழுதுவா. அவ தூங்குனப்பொறம் நான் எடுத்துப் படிப்பேன். மழையில்லாத அன்னிக்கும் வண்டி ஆன் ஆகலேன்னு அடிக்கோடு போட்டு வெச்சிருந்தா. மறுநாள் ஞாயித்துக்கெழமை, வேலை இல்ல, அன்னிக்கு ஆன் ஆச்சுன்னு அதுக்கும் ஒரு அடிக்கோடு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கார்த்திகை ரெண்டாம் தேதியோட எழுதறதை நிறுத்திட்டா. அப்புறம் நோட்டுல ஒரு எழுத்து இல்ல. மனசு விட்டுட்டா. அந்த வாரமே லேப்புலயும் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

அதுக்கப்புறம் பன்னண்டு நாளு. அந்தப் பன்னண்டு நாளைப் பத்தித்தான் அம்மணி என்னால மறக்க முடியல. அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. காத்தால போயி சும்மா ஒருக்கா சாவியைத் திருப்பிப் பாப்பா, ஆன் ஆகாது, பேசாம உள்ள வந்து எனக்குத் தோசை ஊத்துவா. முறுகலா. நான் கேக்காமயே ரெண்டாவது சட்னி. ஒம்பது வருசத்துல அந்தப் பன்னண்டு நாளுதான் நாங்க புருசன் பொண்டாட்டியா வாழ்ந்த நாளுன்னு எனக்குத் தோணுது. தண்ணி இருந்தாக் குடுங்க.

இல்லீன்னா இருங்க, அப்பவே கொழாய் நின்னுச்சே, உங்க மோட்டார் காத்து வாங்கியிருக்கும், நான் உள்ள போயி ஒரு பார்வை பாத்துப்போட்டு வந்தர்றேன். என்ற தொழிலே அதானுங்க. அட, எதுக்கு உங்களுக்கு சிரமம், நான் பாக்கறேன். என்னது? சார்ஜரா? அட ஆமா, அவ வண்டியோட சார்ஜர் என்ற பையிலதான் இருக்குது. பாக்கோணுமா? பாருங்க, பாருங்க. மோட்டார் எங்க போயிருது. உங்களுக்கு இதைக் காட்டோணும்னுதான் தோளு வலிக்கத் தூக்கிட்டுத் திரியறேன்.

சார்ஜர் இல்லாமத்தான் போயிருக்கறா. பூட்டுன பொட்டியில நான் வெச்சிருந்தேன். அவ போன அன்னிக்குக் காத்தால அஞ்சுல மூணு பாயிண்ட் சார்ஜ் இருந்துச்சு. முழுசுக்கு எம்பது கிலோமீட்டர் போகும். மூணு பாயிண்டுக்கு நாப்பத்தெட்டு, மிஞ்சுனா அம்பது. கேலண்டர் பின்னால மேப்பை வரைஞ்சு, அரச்சலூர்ல இருந்து ஒரு வட்டம் போட்டேன். அந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கறா. வட்டத்தை விட்டு வெளிய போக முடியாது.

உங்க செவுத்துல இத்தனை சார்ஜர் தொங்குதே, எதையாச்சும் மாட்டிக்க மாட்டாளான்னு நெனைக்கறீங்க. நீங்க தொழில்காரங்க, அது தோணும். இங்கதான் என்ற வேலை இருக்குது, கேளுங்க. பின்னைப் பாத்தா என்ன தெரியுது? எல்லா வண்டியிலயும் இருக்கற மூணு ஓட்டைப் பின்னுதான். அதே அளவு, அதே கறுப்பு. ஆனா உள்ள பிளஸ்ஸையும் மைனஸையும் நான் தலைகீழா மாத்தி வெச்சிருக்கறேன். வண்டியில இருக்கற சாக்கெட்டுலயும் மாத்திட்டேன். இந்த சார்ஜரைப் போட்டா ஏறும். வேற எவன் சார்ஜரைச் சொருகுனாலும் அவ்வளவுதான், அந்த நிமிசமே. ஒயர் புகையும், பேட்டரி அடி வாங்கும். பக்கத்துல நிக்கற ஆளைப் பொறுத்து மத்தது.

பின்னு கீழ விழுந்துருச்சு பாருங்க. கை வேர்த்திருக்கும், மழைக்காலத்துப் புழுக்கம். எடுத்துக்குங்க.

அவகிட்டச் சொல்லலீங்க. சொல்லிட்டா அப்புறம் அதுக்கு என்ன மதிப்பு? ஊருக்குள்ள எங்கயாச்சும் மாட்டிப் பாத்து, புகைஞ்சு, பயந்துக்கிட்டு ஊட்டுக்கு ஓடி வரோணும். அதுக்குத்தான் பண்ணுனேன். பெருசா ஆயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. என்ற பேச்சைக் கேட்டு ஊட்டுல இருந்திருந்தா எதுக்குங்க ஆகப் போகுது? சார்ஜரை நல்லா உத்துப் பாக்கறீங்க. அந்தப் பக்கம் திருப்புங்க, ஓட்டை மேல பாத்து இருக்கோணும். ஆ, இப்ப இடது பக்கம் இருக்கறது பிளஸ். எல்லாரும் வலது பக்கம் வெப்பாங்க. கச்சிதமா வேலை பண்ணியிருக்கறேன் பாத்தீங்களா, பிரிச்ச தடமே தெரியாது.

அவ எப்படிப் போனாங்கறதுதான் எனக்குப் புரியல. அன்னிக்கும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன், மூணு பாயிண்ட்னு பாத்தேன், சீட்டைத் தூக்குனேன். அப்புறம் பிரேக்கரை எறக்க மறந்திருக்கறேன். மறந்திருந்தாத்தானே வண்டி ஆன் ஆகும்? கையில கிரீஸ் ஒட்டுச்சு, சோப்புப் போட்டுக் கழுவுனேன், அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்குது. தோசை திங்கறப்பக்கூட சோப்பு வாசம் அடிச்சுது. என்ன இருந்தாலும் மறந்துதான் இருக்கோணும். நான் எட்டு மணிக்கு ஒரு கெணத்து வேலைக்குப் போயிட்டேன். ஒம்பதரைக்கு ஒரு பையை முன்னால வெச்சுக்கிட்டு, சத்தமே இல்லாமப் போனாளாம். பக்கத்து ஊட்டுக்காரி சொல்றா, வாசல்ல நின்னு ரெண்டு நிமிசம்கூட ஆகலையாம். சீட்டைத் தூக்குனா, மூடுனா, போயிட்டாங்கறா. பையை வெக்கத் தூக்கியிருப்பா.

கண்டுபுடிச்சு என்ன பண்ணப் போறேன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. போலீஸ்ல கூட இதையேதான் கேட்டாங்க. ஒண்ணும் பண்ண மாட்டேனுங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன், அவ்வளவுதான். எங்க தோட்டங்காட்டுல ஒரு கெணறு இருக்குது, நூறடி. அதுல எறக்கிட்டா பிரச்சினை முடிஞ்சுது. வண்டியைச் சொல்றேன். வண்டியைத்தான் சொல்றேன், நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க.

அந்தத் தார்ப்பாய்க்கு அடியில எத்தனை வண்டி நிக்குது? மூணா, நாலா? எல்லாம் கஸ்டமர் வண்டிங்களா. சேரி, நான் தூக்கிக் காட்டச் சொல்லலீங்க. காங்கயத்துல ஒருத்தன்கிட்டத் தூக்கிக் காட்டச் சொன்னதுக்கு ஸ்பேனரை எடுத்துட்டு சண்டைக்கு வந்துட்டான். அதுல இருந்து நான் யாரையும் கேக்கறதில்ல. என்கிட்ட ரிமோட்டு இருக்குது. இதுவும் ரெண்டாவது சாவியோட வந்ததுதான். இந்தப் பூட்டுப் படம் போட்ட பட்டனை அமுக்குனா முப்பது அடிக்குள்ள எங்க இருந்தாலும் குய்னு கத்தும். எந்தக் கடைக்குப் போனாலும் கடைசியாத்தான் அமுக்குவேன். மொதல்ல உக்காந்து பேசோணும். பேசறப்ப எதுத்தாப்புல இருக்கறவங்க மொகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கோணும். பொய்யி இருந்தா எனக்குத் தெரிஞ்சுரும். மோட்டாரைத் தொட்டுப் பாக்கற மாதிரியேதான்.

அமுக்கறேன்.

ம்ஹூம். மறுக்கா. இல்ல. பாத்தீங்களா, பொட்டுச் சத்தம் இல்ல. அப்ப அது இங்க இல்ல. மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, விடுங்க. உங்களைச் சந்தேகப்பட்டேன்னு நெனச்சுக்காதீங்க. பிரேக்கரை எறக்கி வெச்சிருந்தா கத்தாது, வாஸ்தவந்தான். ஆனா அதை எறக்கோணும்னா அப்படி ஒண்ணு இருக்குதுன்னு மொதல்ல தெரியோணுமில்ல? அவளுக்கு அது தெரியவே தெரியாது. இந்த ஒலகத்துல அந்த விசயம் எனக்கு மட்டுந்தான் தெரியும், இப்ப உங்ககிட்டச் சொல்லியிருக்கறேன்.

மழை விட்டுருச்சாட்ட இருக்குது. அந்த சார்ஜரைக் குடுங்க, பையில வெச்சுக்கறேன். இந்தத் துண்டுக் காயிதத்துல என்ற நம்பர் இருக்குது. வெள்ளை வண்டி, வலது கை மணிக்கட்டுல கட்டுப் போட்ட பொம்பளை, வந்தா ஒரு போன் பண்ணுங்க. அவகிட்டச் சொல்லாதீங்க. டீ போட்டுக் குடுத்து உக்கார வெச்சுக்குங்க, நான் வந்தர்றேன்.

ஏனுங்கம்மணி, அது என்ன பண்றீங்க? நான் பேசிட்டு இருக்கறப்பவே பாத்தேன், உங்க பின்னைத் திருகித் தெறந்தீங்க. முன்ன பிளஸ்ஸோட செவப்பு ஒயரு வலது பக்கம் இருந்துச்சு. இப்ப இடது பக்கம் வெச்சு ஈயம் உருக்கி ஒட்டியிருக்கீங்க. தப்பு. தலைகீழா இருக்குது. என்ற சார்ஜரைப் பாத்து மனசுல அதே நின்னுருச்சாட்ட இருக்குது. இதுக்குத்தான் சொல்றது, இந்த வேலையெல்லாம் பொம்பளைங்களுக்கு ஆகாதுன்னு. நான் உக்காந்து சரி பண்ணிக் குடுத்துட்டே போவேன், ஆனா மூலனூர் பஸ்ஸு அங்க வந்துருச்சு. மறுக்கா கழட்டி ஒழுங்கா மாட்டுங்க. அந்தக் கஸ்டமர் எப்ப வண்டி எடுக்கறாங்க? இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ளயா?

கவனம் வேணும் அம்மணி. உங்களை நம்பி விட்டுட்டுப் போயிருக்கறாங்க. நீங்க பாட்டுக்கு ஒயரை மாத்தி வெச்சு, அதுல ஒரு உசுரு போச்சுன்னா, நாளைக்கு யாரு பதில் சொல்றது?